இருபத்தாறு படங்களும் எடுக்காத பென்சிலும்

எங்கள் பிராந்தியக் கிரிக்கெட் அணியின் வரலாற்றைக் கட்டிக்காக்கப் பாடுபட்டவர்கள் பலர். அதை ஒரே சனி, ஞாயிறில் ஒழித்துக்கட்டியவன் நான் ஒருவன்தான். (அணியின் பெயரைச் சொல்ல மாட்டேன். கண்டியில் சில தெருக்களிலாவது நான் இன்னும் தலைநிமிர்ந்து நடக்க வேண்டியிருக்கிறது.) எனக்கு முன்னால் கறையான் இந்த வேலையைத் தொடங்கியிருந்தது உண்மைதான். பெவிலியன் பின்னறையில் இருந்த பெட்டிக்குள் புகுந்து, பழைய ஸ்கோர் புத்தகங்கள் அத்தனையையும் தின்று தீர்த்திருந்தது. ஆனால் கறையானுக்குப் பல வருடம் பிடித்தது. எனக்கு இரண்டு நாள் போதுமாக இருந்தது.

அணியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கொழும்பு அணியினர் மூன்று நாள் ஆட்டத்துக்கென்று மலையேறி வருவார்கள். எங்கள் பகல் சாப்பாட்டை மனதாரப் பாராட்டுவார்கள். இரண்டாம் நாள் பின்னேரமே எங்களைத் தோற்கடித்துவிட்டு பஸ் ஏறுவார்கள். எங்கள் வரலாற்றிலேயே சிறந்த வீரர் யார் என்று பழைய ஆட்களைக் கேட்டால், கொஞ்சமும் யோசிக்காமல் மழை என்பார்கள். நாங்கள் தோற்காமல் தப்பிய ஆட்டங்களில் பாதிக்கு மேல் மழை தனியாளாக நின்று காப்பாற்றியவைதான்.

இருந்தாலும் சீசன் நடந்த வருடமெல்லாம் தவறாமல் ஒரு குழுப்படம் எடுத்திருக்கிறார்கள். பெவிலியன் நடைக்கூடத்தில் இருபத்தாறு சீசனுக்கு இருபத்தாறு படம் வரிசையாகத் தொங்கியது. முன்வரிசையில் கதிரைகளில் உட்கார்ந்திருப்பவர்கள், பின்வரிசையில் நிற்பவர்கள், நடுவில் கெப்டன். படத்தைச் சுற்றியிருந்த கெட்டி அட்டையின் அடிப்பகுதியில், வருடமும் இடமிருந்து வலமாகப் பெயர்களும் வெள்ளை மையால் அழகாக எழுதப்பட்டிருந்தன. இந்தத் தகவலை வாசகர்கள் கவனமாக மனதில் வைக்க வேண்டும். பெயர்கள் இருந்தது அட்டையில். படத்தில் அல்ல. நான் இதைக் கவனத்தில் வைக்கவில்லை.

இனி மாமாவுக்கு வருகிறேன். மாமா என்றால் என் மனைவி சுகந்தியின் அப்பா, ஆறுமுகம். கலகெதரவில் இருந்த அவர்கள் வீட்டுக்கு நான் பெண் பார்க்கப் போன அன்று, சம்பளத்தையோ சாதகத்தையோ அவர் விசாரிக்கவில்லை. "மாப்ள பேட்டிங்கா, போலிங்கா?" என்று கேட்டார். நான் பள்ளிக்கூடத்திலும் பிறகு கிளப்பிலும் ஸ்கோர் புத்தகம் எழுதியவன். உண்மையைச் சொன்னேன். மாமா என்னை ஒரு தரம் மேலிருந்து கீழாகப் பார்த்துவிட்டு, வடையை என் பக்கம் நகர்த்தி வைத்தார். அந்த நகர்த்தலில் இருந்த இரக்கத்தை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

காரணம், மாமா வேகப்பந்து வீச்சாளர். தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து புறப்பட்டு, எங்கள் பிராந்திய அணிக்கு ஒரு சீசன் விளையாடியவர். தேநீர் இடைவேளை முடிந்து போட்ட முதல் பந்திலேயே, கொழும்பின் பெரிய பேட்ஸ்மன் ஒருவரின் நடு ஸ்டம்பைப் பிடுங்கி எறிந்திருக்கிறார். நான் கல்யாணத்துக்கு முன் இந்தக் கதையைக் கேட்டபோது ஸ்டம்ப் விக்கெட் கீப்பரின் காலடியில் விழுந்தது. எங்கள் தலைத் தீபாவளிக்குள் அது எல்லைக்கோடு வரை போயிருந்தது. "அந்த ஸ்டம்பு இன்னும் கீழ விழலியா?" என்று அத்தை சமையலறையிலிருந்து கேட்பார். கல்யாணத்துக்கு முந்திய விஷயம் என்பதால் அத்தை எதையும் கண்ணால் பார்த்தவரில்லை. முப்பத்தைந்து வருடக் குடும்ப வாழ்க்கையில் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் புருஷனை நம்பாமலே காலம் தள்ளியிருந்தார்.

மாமாவிடம் காட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. அவர் விளையாடியதற்கு அடுத்த வருடம் இனக்கலவரம் வந்து நாட்டு நிலைமை கெட்டது. அவருடைய குடும்பம் லயத்தை விட்டு மாதக்கணக்கில் உறவினர் வீடுகளில் இருந்தது. திரும்பி வந்தபோது அவருடைய இடத்தில் வேறொருவர் பந்து போட்டுக்கொண்டிருந்தார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. வரவும் சொல்லவில்லை. கூப்பிடாமல் அந்தப் பக்கம் கால் வைப்பதில்லை என்று மாமாவும் இருந்துவிட்டார். எஞ்சியிருந்த ஒரே சாட்சி, நடைக்கூடத்தில் தொங்கிய ஒரு படம். அதில் நிற்பவர்களில் கடைசி ஆள், ஆர். ஆறுமுகம்.

அணியின் ஆண்டு நிறைவு விழாவுக்குப் பழைய வீரர்கள் எல்லோரையும் குடும்பத்தோடு அழைக்க வேண்டும் என்று கிளப் செயலாளர் விஜேகோன் முடிவெடுத்தபோது, அட்டைகளைப் பார்த்துப் பெயர்ப் பட்டியல் எழுதியவன் நான்தான். மாமாவுக்கான அழைப்பிதழை என் கையாலேயே தபாலில் போட்டேன். அதை அவர் மூன்று வாரம் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்ததாகவும், கலகெதர சந்தையில் மீன் வாங்கப் போனால்கூட வெளியே எடுத்துக் காட்டியதாகவும் அத்தை சொன்னார். அந்த நேரத்தில் நான் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்திருந்தால், இன்று ஒரு மரியாதையான மருமகன்.

நடைக்கூடத்துக் கூரை ஒழுகிப் படங்களுக்குப் பூஞ்சணம் பிடித்திருந்தது. கண்ணாடிக்குள் ஈரம். பாதி வீரர்களுக்கு முகத்தில் வெள்ளைப் புள்ளி. இதையெல்லாம் நான் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சுத்தம் செய்து தருகிறேன் என்று நானாகவே வாயைக் கொடுத்தேன். விஜேகோன் சிங்களத்தில் என்னைத் தம்பி, தங்கமே என்று கொண்டாடினார். இருபத்தாறு பிரேம்களும் இரண்டு நடையாக ஆட்டோ ஏறி அம்பிட்டியவில் எங்கள் வாடகை வீட்டுக்கு வந்து சேர்ந்தன.

சனிக்கிழமை காலை முன்கூடத்தில் பாய் விரித்து வேலையைத் தொடங்கினேன். பிரேம் ஒரு பக்கம், கண்ணாடி ஒரு பக்கம், அட்டை ஒரு அடுக்கு, படம் ஒரு அடுக்கு. அப்படி ஒரு ஒழுங்கு. சுகந்தி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"படத்துக்குப் பின்னால பென்சில்ல ஒரு நம்பர் போட்டுருங்களேன்" என்றாள்.

இந்த இடத்தில் என் வாழ்க்கை இரண்டாகப் பிரிகிறது. மேசை இழுப்பறையில் பென்சில் இருந்தது. எழுந்து நான்கு எட்டு வைத்தால் போதும். நான் எழுந்திருக்கவில்லை. பழைய புகைப்படங்களைக் கையாளும் முறை பற்றி முந்தின நாள்தான் இணையத்தில் படித்திருந்தேன். பென்சில் அழுத்தினால் முன்பக்கம் தடம் தெரியும், இவை சாதாரணப் படங்கள் அல்ல, ஆவணங்கள், இரண்டு அடுக்கும் ஒரே வரிசையில் இருக்கும்போது நம்பர் எதற்கு என்று கால் மணி நேரம் அவளுக்கு விளக்கம் கொடுத்தேன். அவள் "சரி" என்று சொல்லிவிட்டு போஞ்சிக்காய் நறுக்கப் போனாள்.

படங்களைத் துடைத்து எடுத்தபோது ஈரத்தில் அவை சுருண்டிருப்பது தெரிந்தது. தட்டையாக்க வேண்டும். கனமாக ஏதாவது வைக்க வேண்டும். என் மூளை அன்று மிகச் சுறுசுறுப்பாக வேலை செய்தது. எங்கள் கட்டில் மெத்தைக்கு அடியில் கொஞ்சம், விருந்தாளிக் கட்டில் மெத்தைக்கு அடியில் கொஞ்சம், மிச்சத்தை அரிசிப் பெட்டிக்குக் கீழே என்று பழைய நாளிதழ்களுக்கு இடையில் பத்திரமாக அடுக்கி வைத்தேன். அன்றைக்கு எங்கள் பிராந்தியத்தின் வேகப்பந்து வீச்சாளர்கள் பலர் மேல் நான்தான் படுத்துத் தூங்கியிருக்க வேண்டும்.

ஞாயிறு காலை எல்லாவற்றையும் உருவி எடுத்தேன். அருமையாகத் தட்டையாகியிருந்தன. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, முதல் படத்தை எடுத்து முதல் அட்டையில் பொருத்தினேன். அட்டையில் கெப்டன் என்று எழுதியிருந்தது எக்கநாயக்க. படத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தவரோ, அந்த எக்கநாயக்கவோடு கெப்டன் பதவிக்குச் சண்டை பிடித்து ஆயுள் முழுக்கப் பேசாமலிருக்கும் வீரக்கோன். மூன்று இடங்களிலிருந்து உருவியதில் வரிசை கலைந்துபோயிருந்தது.

தலைகளை எண்ணிப் பார்த்தேன். ஒவ்வொரு படத்திலும் பதினான்கு பேர். ஒவ்வொரு அட்டையிலும் பதினான்கு பெயர். பன்னிரண்டு வீரர்கள், ஒரு முகாமையாளர், ஒரு ஸ்கோரர். இருபத்தாறு வருடமும் ஒரு ஆள் கூடவுமில்லை, குறையவுமில்லை. ஆடுகளத்தில் ஒருநாளும் காட்டாத கட்டுப்பாட்டை எங்கள் அணி புகைப்படத்தில் காட்டியிருந்தது.

அந்த நிமிடமே விஜேகோனைத் தொலைபேசியில் கூப்பிட்டு விஷயத்தை ஒப்புக்கொண்டிருக்கலாம். மாமாவை வரவழைத்துக் காட்டியிருக்கலாம். ஆனால் புதுப்பித்த படத்தை மாமா விழாவில்தான் பார்த்து ஆச்சரியப்பட வேண்டும் என்று ஏற்கனவே தீர்மானித்திருந்தேன். தவிர, வடையை நகர்த்திய அந்தக் கையை நினைத்தால் வாய் வரவில்லை. ஆகவே ஆராய்ச்சியில் இறங்கினேன். காற்சட்டையின் கால் அகலம் எந்தக் காலத்தில் எப்படி என்று யோசித்தேன். கிருதாவின் நீளத்தை அளந்தேன். கெப்டன்மாரைத் தலைமுடி குறையும் வரிசையில் அடுக்கினேன். (வீரக்கோனுக்கு ஒரு வருடம் முடி கூடியிருந்தது. அதற்கு என் ஆராய்ச்சியில் விடை கிடைக்கவில்லை.) சாயங்காலத்துக்குள் இருபத்தாறு பிரேம்களும் பூட்டி முடிந்தன. ஏழெட்டாவது சரியாக இருக்கும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

ஒன்றை மட்டும் சரியாகச் செய்தே தீர வேண்டும் என்று பாடுபட்டேன். மாமாவின் அட்டை. எல்லாப் படங்களிலும் பின்வரிசையில் கடைசியாக நிற்பவரை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். சுவரில் தொங்கியபோது பூஞ்சணம் மூடியிருந்ததால், மாமாவின் இளவயது முகத்தை நான் கண்டதில்லை. எனக்குத் தெரிந்த மாமா வழுக்கையும் தொப்பையும் உள்ளவர். ஒரு படத்தில் நெடுநெடுவென்று, நெஞ்சை நிமிர்த்தி, சுருட்டை முடியோடு ஒரு வாலிபர் நின்றார். மூக்கு அப்படியே சுகந்தியின் மூக்கு. கூப்பிட்டுக் காட்டினேன்.

"அப்பா மாதிரி இல்லையேங்க."

"வாலிபத்துல எல்லாரும் வேற மாதிரிதான் இருப்பாங்க" என்று பூட்டிவிட்டேன்.

திங்கட்கிழமை பளபளத்த பிரேம்களைக் கண்டதும் விஜேகோனுக்குத் தலைகால் புரியவில்லை. உடனே புகைப்படக்காரரை வரவழைத்து, இருபத்தாறையும் பெயர்களோடு படமெடுத்து விழா மலரில் சேர்க்கச் சொன்னார். வரலாறு அச்சுக்குப் போனது. நான் வெள்ளிக்கிழமை வரை சரியாகச் சாப்பிடவில்லை.

விழா சனிக்கிழமை பகல் இரண்டு மணிக்கு. பழைய வீரர்கள் மனைவி, மக்கள், பேரப்பிள்ளைகளோடு வந்து இறங்கினார்கள். நிகழ்ச்சி மைதானத்தில் பந்தல் போட்டு நடப்பதாக ஏற்பாடு. கூட்டம் நடைக்கூடத்தைச் சும்மா கடந்து போய்விடும் என்ற ஒரே நம்பிக்கையில்தான் நான் உயிரோடு இருந்தேன். இரண்டரைக்கு மழை பிடித்தது. எங்கள் அணியின் தலைசிறந்த வீரர், தன் வாழ்நாளில் முதன்முறையாக எங்களுக்கு எதிராக விளையாடினார். மொத்தக் கூட்டமும் நடைக்கூடத்துக்குள் வந்து அடைந்து, வேறு வேலையில்லாமல் சுவரைப் பார்க்கத் தொடங்கியது.

முதலில் ஒரு சிரிப்புத்தான் கேட்டது. பிறகு ஒரு முணுமுணுப்பு. ஒரு சுழற்பந்து வீச்சாளர், இந்தப் படம் எடுத்த வருடம் தான் ஐந்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்ததாகத் தன் மகனுக்கு விளக்கினார். எக்கநாயக்க தன் முகத்துக்குக் கீழே வீரக்கோன் என்ற பெயரைப் படித்துவிட்டு, இது யார் செய்த வேலை என்று தனக்குத் தெரியும் என்று வீரக்கோனைப் பார்த்துக் கத்தினார். முப்பது வருடத்துக்குப் பிறகு இருவரும் பேசிக்கொண்டது அப்போதுதான். அது மட்டும் என்னால் விளைந்த நன்மை என்று சொல்லலாம், அவர்கள் பேசியது என்னவென்று கேட்காமல் விட்டால்.

அந்தக் களேபரத்துக்குள்தான் மாமா வந்தார். கல்யாணத்துக்குத் தைத்த கோட், தொப்பையில் பொத்தான் பூட்டாமல். பக்கத்தில் பட்டுச்சேலையில் அத்தை. பின்னால், கலகெதரவிலிருந்து வேன் பிடித்து வந்திருந்த அக்கம்பக்கத்தார் ஒன்பது பேர். மாமா யாரையும் கேட்காமல் தன் வருடத்தைத் தேடி நேராகப் போனார். கடைசிப் பெயரில் விரலை வைத்து, "இந்தா, ஆர். ஆறுமுகம்" என்றார்.

அத்தை கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். நிதானமாகப் பார்த்தார்.

"இது நீங்க இல்லையே" என்றார்.

மாமா நிமிர்ந்து முகத்தைப் பார்த்தார். அந்தச் சுருட்டை முடி வாலிபர் நெஞ்சை நிமிர்த்தி அவரைத் திருப்பிப் பார்த்தார். வேனில் வந்த ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் மழையைப் பார்க்கத் திரும்பினார்கள். மாமா ஒவ்வொரு படமாகத் தேடிக்கொண்டு போனார். நான்கு படம் தள்ளி நின்றார். பின்வரிசைக் கடைசியில், சட்டை ஒரு சைஸ் பெரிதாக, காது இரண்டும் விடைத்து, ஒல்லியாக ஒரு பையன். "இதுதான் நான்" என்றார். கீழே இருந்த பெயர் பி. சுமனபால.

"வேற பேருல எழுதியிருக்கே" என்றார் அத்தை. கேலியாகச் சொல்லவில்லை. பாவப்பட்டுச் சொன்னார். அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. நாற்பது வருடமாகக் கூப்பிடக் காத்திருந்த மனிதரைக் கூப்பிட்டு, ஊராரையும் கூட வரவழைத்து, எல்லோர் முன்னாலும் பொய்யராக நிறுத்திவிட்டேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், நான்தான் எல்லாவற்றையும் கலக்கிவிட்டேன், படங்கள் மெத்தைக்கு அடியில் இருந்தன, நம்பர் போடவில்லை என்று ஒரே மூச்சில் கொட்டினேன். விஜேகோன் சுவரில் சாய்ந்து தலையில் கை வைத்தார். மாமா என்னைப் பார்த்தார்.

"ஸ்கோரர்" என்றார்.

ஆனால் என் வாக்குமூலத்தை யார் நம்புவது? மாமனாரின் மானத்தைக் காப்பாற்ற மருமகன் கட்டும் கதை என்றுதான் அந்த ஒன்பது பேரின் முகத்திலும் எழுதியிருந்தது. அப்போது அக்குறணையில் புடவைக்கடை வைத்திருக்கும் ஜெமீல் ஹாஜியார் பக்கத்தில் வந்தார். அந்தக் காலத்து விக்கெட் கீப்பர். மாமாவின் முகத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பெயரும் ஞாபகமில்லை, முகமும் ஞாபகமில்லை என்று வருத்தத்தோடு சொன்னார். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். மாமாதான் அவருடைய வலது கையைக் கவனித்தார். சின்ன விரல் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது.

"வெரல் சரியா பொருந்தலியா ஹாஜியார்?" என்று கேட்டார்.

ஹாஜியார் விரலைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். முகம் சிவந்தது.

"நீங்கதானா அது? தேத்தண்ணி குடிச்சிட்டு வந்து மொதல் பந்து! ஸ்டம்பு பறந்து வந்து இந்த வெரல்லதான் அடிச்சது. நாப்பது வருஷமா மழ வந்தா நோவுது. ஒங்களத் திட்டாத மழ இல்ல."

அங்கேயே, எல்லோர் முன்னாலும், ஹாஜியார் மாமாவைத் திட்டத் தொடங்கினார். விரலை ஆட்டி ஆட்டித் திட்டினார். மாமா கைகளைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு சொல்லையும் கேட்டார். அவர் கண் நிறைந்து வழிந்தது. துடைக்கவில்லை. அத்தை கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, "அப்ப ஸ்டம்பு எல்லைக்கோட்டுக்குப் போகல" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு அந்தக் கதையில் அவர் ஒருநாளும் குறுக்கிடவில்லை. மாமாவும் ஸ்டம்பை அந்த விரலுக்கு மேல் பறக்க விடவில்லை.

சுமனபால யார் என்பதையும் ஹாஜியார்தான் சொன்னார். என் ஆராய்ச்சி கண்டுபிடித்த அந்தச் சுருட்டை முடி அழகர் பன்னிரண்டாவது ஆள். சீசன் முழுக்கத் தண்ணீர் கொண்டுபோனவர், ஒரு பந்துகூட வீசியதில்லை. மூக்கு மட்டும் சுகந்தியின் மூக்கு.

கெட்டது நிறையக் கெட்டபடியே இருக்கிறது. படங்களைச் சரிசெய்ய விஜேகோன் பழைய வீரர்களை வரவழைத்து அடையாளம் காட்டச் சொன்னார். எல்லோரும் அணி ஜெயித்த ஒரே வருடத்துப் படத்தில் தங்களை அடையாளம் காட்டினார்கள். ஒன்பது படங்கள் இன்றும் பெயரில்லாமல் தொங்குகின்றன. விழா மலரைத் திரும்பப் பெறவும் முடியவில்லை. அதில் மாமா இன்றைக்கும் சுமனபாலதான். அலுமாரியில் இருக்கும் தன் பிரதியில், அந்தப் பெயரை அடித்துவிட்டுப் பென்சிலால் ஆறுமுகம் என்று எழுதி வைத்திருக்கிறார். கலகெதர சந்தையில் அவரைச் சுமனபால மாத்தையா என்று மரியாதையோடு கூப்பிடுகிறவர்கள் உண்டு. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறார்.

அதற்கு அடுத்த வருடம் கண்டி ஆஸ்பத்திரியில் எங்கள் மகள் பிறந்தாள். தாதி குழந்தையைத் துணியில் சுற்றி வெளியே கொண்டுவந்து, அப்பா யார் என்று கேட்டார். நான் இரண்டு கையையும் நீட்டினேன். மாமா எனக்கு முன்னால் வந்து நின்றார். துணியை மெல்ல விலக்கி, குழந்தையின் மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டியை வெளியே எடுத்தார். அதில் சுகந்தியின் பெயரும் ஒரு நம்பரும் இருந்தன. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தார். முடிச்சு இறுகியிருக்கிறதா என்று விரலால் இழுத்துப் பார்த்தார்.

"எழுதியிருக்காங்க" என்றார் தாதியிடம். "இப்ப இவர்கிட்ட குடுக்கலாம்."